பெரிய மரம் இல்லாத ஊரில் ஓர் ஓடம்

(மாத்தளையில் பொதுமக்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாத்தளைக்கும் ஓடத்துக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்ததும் பலர் கேட்டிருப்பார்கள். மிளகும் கொக்கோவும் கராம்பும் தேயிலையும் விளையும் மாவட்டம் இது. எந்தத் திசையில் நடந்தாலும் மாவட்ட எல்லைக்குள் கடல் வராது. ஆனால் வரைபடத்தை எடுத்து, நீல நிறம் பூசிய இடங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனால் வேறொரு மாத்தளை தெரியும்.

அந்த நீலத்தில் பெரும்பகுதி புதியது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக மலைக்கு இந்தப் பக்கம் நீரைக் கொண்டுவந்தார்கள். உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு அது சுது கங்கையில் சேர்ந்து, வடக்கே அம்பன் கங்கைப் பக்கம் போகிறது. 1981இல் போவதென்ன அணை வந்தது. அங்கே தேங்கும் நீர் எட்டிவிடும் என்பதற்காக, பல்லவர் காலக் கட்டடங்களின் சாயல் கொண்ட நாலந்தா கெடிகேயை 1975இல் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். 2017 தொடக்கத்தில் மொரகஹகந்தவில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 50 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும் நீர்த்தேக்கம் அது. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது கண்டலம குளம். ஜெப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல் 1994இல் அதன் கரையில் திறக்கப்பட்ட பிறகு வெளிநாட்டாருக்கும் அறிமுகமான குளம்.

இத்தனை நீர் ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் மேல் போகும் வள்ளங்களைப் பாருங்கள். மரத்தில் கட்டியதைக் காண்பது அரிது. ஏறக்குறைய எல்லாம் பைபர் கிளாஸ். இரண்டு பேர் ஏறி, துடுப்பு வலித்து, செவுள் வலை விரித்துத் திலாப்பியா பிடிக்கும் சிறு வள்ளங்கள். பக்கத்தில் ஒரு மிதவை, இயந்திரம் கிடையாது. திலாப்பியா இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல். நன்னீர் மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்ததும் அந்த மீனை நம்பித்தான். 1990இல் அரசு இந்தத் துறைக்கான ஆதரவை நிறுத்தியது, நான்கு ஆண்டு கழித்து மீண்டும் தொடங்கியது. கொள்கை இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் வள்ளத்தின் வடிவம் மாறவில்லை. அந்த வடிவத்துக்கு இரண்டாயிரம் வருட வயது இருக்கலாம்.

சிங்களத்தில் ஒருவா என்று சொல்லும் வள்ளம் அது. ஒரே மரத்தைக் குடைந்து அடித்தொட்டி. அதன் மேல் இரு பக்கமும் பலகைகளை நிறுத்திக் கயிற்றால் தைத்த சுவர். ஒரு பக்கம் மட்டும், வளைந்த இரு கைமரங்களின் முனையில் ஒரு மிதவைக்கட்டை. உடல் மிகவும் ஒடுங்கியது. உள்ளே ஒருவர் சௌகரியமாக உட்கார முடியாது, விளிம்பில்தான் உட்காருவார். கடலில் பாய் விரித்து ஓடும்போது மிதவை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே திரும்ப வேண்டிய நேரத்தில் வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்றுகிறார்கள், பின்புறம் முன்புறமாகிவிடுகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, தப்ரொபேன் என்று அன்று அறியப்பட்ட இலங்கைத் தீவின் கலங்களுக்கு இரு முனையிலும் முகப்பு உண்டு என்று எழுதிவைத்தது இதைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் கலங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இலங்கையின் வள்ளங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஆறுகளில் இதற்கு ஓர் உறவுக்காரன் இருந்தான். இரண்டு குடைமரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலே பலகைத் தளம் போட்ட அங்குல என்ற தோணி. பாலங்கள் வருவதற்கு முன் ஆட்களும் சுமைகளும் கங்கையைக் கடந்தது அதில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தேவை ஒன்றுதான்: பெரிய மரம். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனும், இருபது முப்பது அடிக்குக் கணுவில்லாத நேரான தண்டும் கொண்ட தெல் மரமோ மாமரமோ வேண்டும். அந்த மரங்கள் போய்விட்டன. இருப்பவற்றைச் சட்டம் காக்கிறது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டத் தடை விதித்தது. வனத்தைப் பற்றிய சட்டங்கள் அதற்கும் முந்தியவை. கரையோரத்தில் இதன் விளைவு எல்லோரும் அறிந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் போன்ற பட்டறைகள் பைபர் கிளாஸ் வள்ளங்களை வார்க்கத் தொடங்கின. நீர்கொழும்பின் ஒருவாக்கள்கூட இன்று அச்சில் வார்த்தவை. மீனவரைக் குறை சொல்ல இடமில்லை. மரம் கிடைக்காது, கிடைத்தாலும் வெயிலில் வெடிக்கும், வண்டு துளைக்கும், வருடம்தோறும் எண்ணெய் கேட்கும். பைபர் கிளாஸ் எதையும் கேட்பதில்லை.

தமிழர் கட்டிய மரக்கலம் என்றவுடன் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1930இல் அங்கே கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல். உடல் பெரும்பாலும் வேப்ப மரம். அதற்கு முன்பே ஒரு சிறிய பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இன்று யாரும் ஒரு வள்ளம் கட்ட முடியாது. அன்னபூரணிக்குத் தேவைப்பட்ட வேம்பும் இலுப்பையும் அந்த அளவில் இல்லை, பரம்பரை மேஸ்திரிமாரும் இல்லை.

பெரிய மரமும் மேஸ்திரியும் இல்லாத நிலைமையில் மரப்படகு எப்படி உயிர் வாழும்? இதே கேள்விக்கு வட அமெரிக்காவில் ஒரு விடை உருவானது. அந்த விடையை மாத்தளைக்குக் கொண்டுவரலாம், ஆனால் அப்படியே கொண்டுவரக் கூடாது. இன்றைய பேச்சின் சாரம் அதுதான்.

கனடாவின் பீட்டர்பரோ என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, பழங்குடியினரின் மரப்பட்டை ஓடத்தின் வடிவத்தை எடுத்து, அதைப் பலகையில் கட்டும் பட்டறைகள் தோன்றின. நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளை ஒட்டி உடல் அமைப்பது அங்கே வளர்ந்த வழிகளில் ஒன்று. நூறு வருடம் கழித்து, 1950–60களில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் யூஜின் ஜென்சன் போன்ற துடுப்புப் பந்தயக்காரர்கள் பாரம் குறைந்த ஓடம் தேடினார்கள். செடார் என்ற இலேசான மரத்தின் கீற்றுகளை ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்தினார்கள். பழைய பட்டறை ஓடங்களின் உள்ளே நெருக்கமாக நின்ற விலாச் சட்டங்கள் இதற்குத் தேவைப்படவில்லை. 1983இல் டெட் மூர்சும் மெரிலின் மோரும் எழுதிய ‘கனூகிராப்ட்’ என்ற நூல் அந்த முறையை வீட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர், கணக்காளர், தபால்காரர் என்று தச்சுத் தொழில் அறியாத ஆயிரக்கணக்கானோர் தங்கள் கையால் ஓடம் கட்டினார்கள். நிக் ஷேட் அதே முறையில் மூடிய மேல்தளம் கொண்ட கயாக்குகளை வடிவமைத்தார்.

எல்லோராலும் ஏன் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குடைமர ஓடத்தில் திறமை முழுவதும் மரத்தைத் தெரிவதிலும், வாச்சியால் செதுக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதிலும் இருக்கிறது. ஒரு வெட்டு ஆழமாகிவிட்டால் மரமே வீண். கீற்று ஓடத்தில் அந்த ஆபத்து நூற்றுக்கணக்கான சிறு வேலைகளாகப் பிரிந்துபோகிறது. ஒரு கீற்று முறிந்தால் இன்னொன்றை எடுக்கலாம். பொறுமை இருந்தால் போதும். கைராசி பிறகு வரும்.

வேலை இப்படிப் போகும். முதலில் ஓடத்தின் குறுக்குவெட்டு வடிவங்களை ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டுகிறார்கள். 16 அடி ஓடத்துக்கு, அடிக்கு ஒன்றாகப் பதினைந்து அச்சுச் சட்டங்கள். நேரான நீளச் சட்டம் ஒன்றின் மேல் இவற்றைத் தலைகீழாக நிறுத்தினால் கவிழ்ந்த ஓடத்தின் எலும்புக்கூடு தெரியும். பிறகு 6 மில்லிமீட்டர் தடிப்பும் 19 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கீற்றுகளை விளிம்பிலிருந்து தொடங்கி ஒன்றன் மேல் ஒன்றாக வளைத்து, விளிம்போடு விளிம்பு சாதாரண மரப்பசையால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ரீப்பையை விட மெல்லிய இந்தக் கீற்று கைப்பிடியில் சாட்டையாக வளையும். முனையருகே வரும்போதுதான் முறுக்கிக்கொண்டு அடம்பிடிக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்தால் இணங்கிவிடும். நீளம் போதாத கீற்றுகளை எட்டுக்கு ஒன்று சரிவில் சீவி, இரண்டையும் ஒட்டி நீட்டலாம்.

கீற்றின் ஒரு விளிம்பைக் குவித்தும் மறு விளிம்பைக் குழித்தும் ரவுட்டரால் இழைத்துவைத்தால் வளைவிலும் இடைவெளி விழாது என்று நூல்கள் சொல்லும். ரவுட்டர் இல்லாவிட்டால் சீவுளி போதும். ஒவ்வொரு கீற்றின் விளிம்பையும் அது உட்காரும் கோணத்துக்கு ஏற்பச் சீவ வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். ஆனால் இந்த மாவட்டத்துத் தச்சர்களிடம் சீவுளிக் கை இருக்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைப் பார்த்தவர்கள் மரத்தில் பொருத்து வேலை என்றால் என்ன என்பதை அறிவார்கள். தேர் கனக்க வேண்டும், தெருவில் அசையாமல் நிற்க வேண்டும். ஓடத்துக்கு அதற்கு நேரெதிரான கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் எந்த மரம் என்பது புலப்படும். 16 அடித் திறந்த ஓடத்தின் உடற்பரப்பு ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீட்டர். 6 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் மரத்தின் கனஅளவு 0.033 கன மீட்டர். செடார் கன மீட்டருக்கு 370 கிலோ அளவில் இருக்கும் மரம். உடல் 12 கிலோ. அதே உடலைத் தேக்கில் கட்டினால் 21 கிலோவைத் தாண்டும். மகாகனி நடுவே நிற்கும். உள்ளும் புறமும் போர்த்தும் துணியும் பிசினும் ஆறு ஏழு கிலோ, விளிம்பும் இருக்கையும் நான்கைந்து கிலோ. அதாவது தேக்கில் கட்டிய ஓடத்தை இருவர் தூக்க வேண்டும். செடாரில் கட்டியதை ஒருவரே தோளில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு நடக்கலாம். தேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுப்பொருளை எளிதில் ஏற்காது. ‘நல்ல மரம்’ என்று நாம் வீட்டுக்கதவுக்குத் தேடும் மரம் இந்த வேலைக்கு நல்ல மரம் அல்ல. விலையுயர்ந்ததைப் போட்டால் உயர்ந்த ஓடம் வரும் என்ற நினைப்பை மரக்காலை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

செடார் இங்கே வளராது. இறக்குமதி செய்வதில் பொருளுமில்லை. மாத்தளையின் வீட்டுத் தோட்டங்களிலும் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலும் நெடுநெடுவென்று உயரும் லுணுமிதெல்ல இருக்கிறது. தமிழில் மலைவேம்பு, தமிழ்நாட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளுக்காக இப்போது வயல்களில் நட்டு வளர்க்கிறார்கள். கன மீட்டருக்கு 400 கிலோ அளவில் நிற்கும் இலேசான மரம். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு இதன் பலகை போனது. வீட்டுச் சீலிங்குக்கும் போகிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒருவாவின் பக்க மிதவைக்குக் கரையோர மீனவர்கள் தேடிப்போன மரம் இதுதான். மிதப்பதற்கு எது நல்லது என்று அவர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். நனைந்தபடியே கிடந்தால் நீரைக் குடித்துக் கனக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே கரையில் ஏற்றிக் காயவைப்பார்கள். கீற்று ஓடத்தில் மரம் முழுவதும் பிசின் போர்வைக்குள் அடைபட்டிருப்பதால் அந்தக் குறை பெரிதாகத் தொல்லை தராது.

மலைநாட்டுத் தளபாடக்காரர்களின் விருப்பமான கினிசப்பு இன்னொரு தெரிவு. சற்றுக் கனம் கூடும். நிறமும் ரேகையும் அழகு. இரண்டையும் கலந்து, நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கருங்கோடு வருமாறு கட்டலாம். விளிம்புச் சட்டத்துக்கு மட்டும் இலேசான மரம் உதவாது. கல்லில் மோதுவதும் கயிறு உரசுவதும் தூக்கும்போது கை பிடிப்பதும் அதைத்தான். அதற்கு வடக்கே உலர்வலயத்தில் வளரும் ஹல்மில்ல மரம் உண்டு. திருகோணமலை மரம் என்ற பெயரில் கப்பலேறி, சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்குப் போன மரம். முறியாமல் வளையும்.

எவ்வளவு மரம் தேவை? வாளின் பல் 3 மில்லிமீட்டர் தின்னும். 6 மில்லிமீட்டர் கீற்றுக்கு 3 மில்லிமீட்டர் தூள். மூன்றில் ஒரு பங்கு தரையில் கிடக்கும். கழிவுகளையும் சேர்த்தால் இரண்டு கன அடி மரம் போதும். ஒரு ஒருவாவுக்குக் காட்டின் மூத்த மரம் ஒன்று விழ வேண்டியிருந்தது. இதற்கு ஒரு தலைமுறைக்குள் நட்டு வளர்த்த மரத்தின் ஒரு துண்டு போதும். அரச மரக் கூட்டுத்தாபனக் களஞ்சியத்திலோ ஊர் மரக்காலையிலோ வாங்கும்போது பத்திரங்களைச் சரிபார்த்து வாங்கினால் வழியில் தொல்லை இல்லை.

இனிப் பிசின். இந்த வேலையில் மிகுந்த கவனம் கேட்பது இதுதான், மாத்தளையின் வெயிலும் ஈரமும் தலையிடுவதும் இங்கேதான்.

கீற்றுகள் ஒட்டி முடிந்ததும் ஓடம் வெறும் மெல்லிய மரத்தொட்டி. ஓங்கி மிதித்தால் ரேகையோடு பிளந்துவிடும். அதன் மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபொக்சிப் பிசினைப் பரப்பும்போது, வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்துபோகும். கண்ணாடி இழையும் பிசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் மர ரேகை மட்டும் தெரியும். உள்ளேயும் அவ்வாறே. இரண்டு துணிப்படைகளுக்கு நடுவே மரம். பாரம் ஏறும்போது ஒரு படை இழுபடும், மறு படை அமுங்கும், மரம் அவற்றை விலகாமல் பிடித்துக்கொள்ளும். ‘ஐ’ எழுத்து வடிவ இரும்பு உத்தரம் வேலை செய்யும் அதே முறை.

கடையில் ‘பைபர் கிளாஸ் சாமான்’ என்று கேட்டால் பெரும்பாலும் பொலியெஸ்டர் ரேசினும் நார் சிதறிய விரிப்பும் தருவார்கள். தண்ணீர்த் தாங்கிக்கு அது சரி. மரத்தோடு பொலியெஸ்டர் உறுதியாகப் பிடிக்காது. வருடங்கள் போனதும் தோலுரியும். விரிப்பின் நார்களைப் பிணைக்கும் பொருள் பொலியெஸ்டரில் கரையும்படி செய்தது, எபொக்சியில் பெரும்பாலும் கரையாது. ஆகவே நெய்த துணி, எபொக்சி என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் 200 மணித்தியால உழைப்பு வீண். முதல் ஓடம் கட்டுபவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு.

எபொக்சி வெப்பத்தில் அவசரப்படும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் கையில் இருக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். குளிர்நாட்டு நூல் ‘அரை மணித்தியாலம் இருக்கிறது’ என்று சொன்னால் தம்புள்ளையில் ஒரு மதியத்தில் அதை நம்பக் கூடாது. குவளையில் அப்படியே விட்டால் தன் வெப்பத்தில் தானே கொதித்துப் புகையும். பிசினையும் இறுக்கியையும் சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மெதுவாக இறுகும் வகை இறுக்கியைத் தெரிய வேண்டும். இன்னொரு நுணுக்கம் உண்டு: மரத்தின் துளைகளுக்குள் இருக்கும் காற்று வெயில் ஏற ஏற விரிந்து, இறுகும் பிசினில் குமிழ் விடும். காலையில் தொடங்கினால் மத்தியானத்தில் ஓடம் முழுக்க அம்மை போட்டிருக்கும். மாலை நாலு மணிக்கு மேல், வெப்பம் இறங்கும் வேளையில் பூசினால் மரம் காற்றை வெளியே விடாது, பிசினை உள்ளே இழுக்கும். ஈரக் காற்றில் இறுகிய பிசினின் மேல் மெழுகுபோல ஒரு வழுவழுப்புப் படியும். அதை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே அடுத்த பூச்சு. ஐப்பசியில் தொடங்கி மாரி மழை முடியும்வரை இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. கீற்று ஒட்டுவது மழைக்கால வேலை. பிசின் பூசுவது மாசி, பங்குனிக்கு.

கையுறை இல்லாமல் எபொக்சியைத் தொடக் கூடாது. முதல் தடவை ஒன்றும் செய்யாது. பல தடவை தோலில் பட்டபின் ஒரு நாள் ஒவ்வாமை வந்தால் பிறகு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி வேண்டும். இறுதியில் வெயிலைத் தடுக்கும் வார்னிஷ். எபொக்சிக்குச் சூரியன் எதிரி. இந்த மாவட்டத்தின் பல்லேஹபுவிதவில் மரத்தைக் கடைந்து, சூடான அரக்கை இழையாக இழுத்து, நகத்தால் வரிவரியாகப் பதிக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அந்த அரக்கு ஓடத்தின் உடலுக்கு ஆகாது. ஆனால் துடுப்பின் கைப்பிடியில் நாலு விரற்கடை அகலத்துக்கு அது வந்தால் வேறெந்த நாட்டுக் கீற்று ஓடத்திலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். கீற்று ஓடத்தை ‘இயற்கையான மரப்படகு’ என்று விளம்பரப்படுத்துவது பாதி உண்மை. எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இரசாயனப் பிசினும் கண்ணாடியும்; பணத்தில் பெரும்பங்கும் அதற்கே போகும். தொழில் செய்யும் மீனவருக்கு இது ஏற்றதல்ல. வலை இழுக்கும் கல்லும் கம்பியும், தினமும் கரையில் தறதறவென்று இழுப்பதும் அவருடைய வள்ளத்துக்கு நேருபவை. அதற்குப் பைபர் கிளாஸ்தான் சரி. கீற்று ஓடம் வேறு ஆட்களுக்கானது: குளத்தோரத்தில் பறவை பார்ப்பவர், பயணிகளுக்கு வள்ளம் விடும் சிறு விடுதிக்காரர், தொழில்நுட்பப் பாட மாணவர், ஓய்வுபெற்ற தச்சர்.

அப்படியானால் எந்த வடிவம்? வட அமெரிக்கத் திறந்த ஓடத்தின் வரைபடம் எளிதில் கிடைக்கும். 34 அங்குலம் அளவில் அகலம், இருவர் முழங்காலிட்டு வலிக்கலாம். ஆனால் அது காடு சூழ்ந்த சிறு ஏரிகளுக்கும் தோளில் சுமந்து கடக்கும் வழிகளுக்கும் பிறந்த வடிவம். நம் நீர்த்தேக்கங்களின் நிலைமை வேறு. வைகாசி கடந்து கச்சான் காற்று எழுந்தால் கண்டலமவின் திறந்த நீரில் குறுக்கலை எழும். அணை கட்டும்போது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் நீர் வற்றும் மாதங்களில் அடிப்பக்கத்தைத் தடவும். முதலை உள்ள குளங்கள் இவை. கரையில் யானை இறங்கும். கவிழ்ந்து விளையாட ஏற்ற இடம் அல்ல. மூடிய கயாக் அலைக்கு நல்லது. ஆனால் இங்கத்தைய வெயிலில் அதன் மேல்தளத் துளைக்குள் இடுப்பை நுழைத்து இரண்டு மணித்தியாலம் உட்காருவது தண்டனை.

கீற்று முறையையும் ஒருவாவையும் சேர்ப்பதே பொருத்தமான வழி. உடலை அகலமாக்கி நிலைத்தன்மை பெறுவதற்குப் பதிலாக, ஒடுக்கமான உடலைக் கீற்றில் கட்டி, பக்கத்தில் மிதவை வைப்பது. ஒடுங்கிய உடல் நீரைக் குறைவாகத் தள்ளும். ஒருவர் வலித்தாலே ஓடும். சாய்வதைப் பற்றிக் கணக்குப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு பக்கம் 20 சென்ரிமீட்டர் சாய்ந்தால் ஓடத்தைக் கவிழ்க்க முயலும் விசைத் திருப்பம் 12 அலகு. உடலிலிருந்து 1.2 மீட்டர் தூரத்தில் உள்ள மிதவை 10 லீட்டர் நீரை மட்டும் தள்ளினால் அதே 12 அலகு எதிர்ப்பக்கம் கிடைத்துவிடும். பத்து லீட்டர் என்பது ஒரு சிறிய வாளி. இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு உறுதியை வேறெந்த வகை ஓடமும் தருவதில்லை. மறுபக்கம் சாய்ந்தால் மிதவையின் எடை இழுத்துப் பிடிக்கும். ஆகவே அதை மிகவும் இலேசாகவும் செய்துவிடக் கூடாது.

கைமரத்துக்கு முற்றிய மூங்கில் இருக்கிறது. மிதவையை லுணுமிதெல்லக் கட்டையில் செதுக்கலாம், அல்லது மிஞ்சிய கீற்றுகளில் பொந்தாகக் கட்டலாம். எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எந்த வளைவு என்பதற்குக் கனடாவில் அச்சான வரைபடத்தில் விடை இருக்காது. கண்டலமவிலோ போவதென்னவிலோ காலையில் வலை எடுத்துத் திரும்பும் வள்ளங்களில் இருக்கிறது. வரைவதற்கு முன் அளவு நாடாவோடு அங்கே போய், அனுமதி கேட்டு, நாலைந்து வள்ளங்களை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே குளத்தில் ஏன் இரண்டு விதமான அளவு என்று கேட்டால் மீனவர்கள் காரணம் சொல்வார்கள். காற்றுப் பக்கம், வலையின் எடை, ஏறும் ஆட்களின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும். நீரில் இறக்குவதற்கு அந்த நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதியும், ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கியும் வேண்டும்.

முதல் முயற்சிக்கு 16 அடி தேவையில்லை. 12 அடி போதும். அச்சுச் சட்டங்களை எறிந்துவிட வேண்டாம், அடுத்தவர் கேட்பார். கைமரங்களை உடலோடு நிரந்தரமாக ஒட்டாமல் நான்கு போல்ட்டுகளில் பொருத்தினால், மிதவையைக் கழற்றி உடலுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டி, ஒரு சிறு வேனின் கூரையில் ஏற்றி, மாத்தளை நகரிலிருந்து நாவுல வழியாகக் கண்டலமவுக்கு ஒரே காலையில் கொண்டுபோகலாம்.